ராகு தொடாத பட்டு

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் முதலாளி ஆதிகேசவன் தறிக்கூடத்துக்குள் வந்து தொண்டையைச் செருமினார். மூன்று பேரை வேலையைவிட்டு நிறுத்தப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மூவரில் நான் ஒருவன் என்பது எனக்குத் தெரியும். கடைசியாகச் சேர்ந்தவன், அதோடு கறுப்புச் சட்டை போடுகிறவன். சாமி இல்லை, சாத்திரம் இல்லை, ராகு காலம் இல்லை என்று தெருமுனையில் பெஞ்சு மேல் ஏறிப் பேசுகிற தர்மனை எந்த முதலாளிதான் மறப்பார்?

பெரிய காஞ்சிபுரத்தில் கோயில் மதிலுக்குப் பின்னால் இருந்தது எங்கள் கூடம். எட்டுத் தறி, எட்டு நெசவாளிகள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைப் பிணைக்கக் கண்ணாயிரம், தார் சுற்றப் பெரியநாயகி. பாவுக்குக் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் நூலைச் சுற்றித் தருவதுதான் தார் சுற்றுவது. ஆக மொத்தம் பத்துப் பேர். பெங்களூர்ப் பக்கமிருந்து வரவேண்டிய பட்டு நூல் வரத்துக் குறைந்து, ஏழு பேருக்கு ஓடுகிற அளவுதான் வந்துகொண்டிருந்தது. நான், கண்பார்வை மங்கிய கண்ணாயிரம், பெரியநாயகி. மூன்று கழுத்துகளும் தயாராகத்தான் இருந்தன.

முதலாளி வாயைத் திறக்கும்போது ராட்டைக்குப் பின்னாலிருந்து பெரியநாயகியின் குரல் வந்தது.

"மொதலாளி, இன்னிக்கி வெள்ளிக்கெழம. எட்டு மணி. குளிகை நடந்துக்கினு இருக்குது."

"அதுக்கு?"

"குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப நடக்கும்னு சொல்லுவாங்க. இப்ப ஆள நிறுத்தினீங்கன்னா நிறுத்திக்கினே இருக்கணும். கடைசியில தறிங்க மட்டும்தான் மிஞ்சும்."

முதலாளி திறந்த வாயை மூடிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். பஞ்சாங்கம் பார்க்காமல் முகச்சவரம்கூடச் செய்துகொள்ளாத மனிதர் அவர். குளிகை முடிந்து ஒன்பது மணிக்குத் திரும்பி வருவதற்குள் பெரியநாயகி யோசித்து வைத்திருந்தாள்.

"ராகு காலம் ஒண்ணரை மணி, எமகண்டம் ஒண்ணரை மணி. ரெண்டும் சேத்தா மூணு மணி. நாங்க தெனம் பத்து மணி நேரம் வேலை செய்யறோம். பத்துப் பேர்ல மூணு பேர நிறுத்தறதும் பத்து மணியில மூணு மணிய நிறுத்தறதும் ஒண்ணுதான மொதலாளி? ஆள நிறுத்தாதீங்க. கெட்ட நேரத்த நிறுத்துங்க. அத்த நிறுத்தினா யார் வயிறும் எரியாது."

முதலாளி விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். கணக்குச் சரியாகத்தான் வந்தது. கூடத்திலேயே மூத்தவரான முருகேசன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் கூலி குறையும், ஆனால் பத்து வீட்டிலும் அடுப்பு எரியும். எனக்கு மட்டும் எரிச்சலாக வந்தது. எதை இல்லை இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனோ அது என் வேலையைக் காப்பாற்றிவிட்டது. அதற்கு நன்றி சொல்வதா, அதை எதிர்த்து ஒரு கூட்டம் போடுவதா என்று தெரியவில்லை. கூட்டம் போடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த பிரச்சினை மணி. எங்கள் கூடத்தில் கடிகாரம் கிடையாது. நேரம் தெரிந்தால் ஆள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவான் என்பது முதலாளியின் கொள்கை. பத்துப் பேரில் கையில் கடிகாரம் கட்டியவன் நான் ஒருவன்தான். பழைய சரக்கு, ஆனால் பளபளப்பாக இருக்கும்.

"தர்மா, நீயே மணி அடிச்சிடுபா" என்று சொல்லி, ஒரு தண்டவாளத் துண்டை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கம்பியையும் என் கையில் கொடுத்தார் முதலாளி. "கடியாரம் வச்சிக்கினு இருக்கறவன எப்படிபா நிறுத்த முடியும்? நீ இருந்துதான் ஆவணும்."

அப்படித்தான் பகுத்தறிவுவாதியான நான் ராகு காலத்துக்கு மணியடிக்கிறவன் ஆனேன்.

மறுநாளிலிருந்து கூடம் ஒரு தினுசாக நடந்தது. மணி அடித்தால் எட்டுத் தறியும் அப்படியே நிற்கும். மிதியில் வைத்த காலைக்கூட மெதுவாக எடுப்பார்கள். ஒன்றரை மணி நேரம் ஒருவரும் நூலைத் தொடமாட்டார்கள். சிலர் ஆடுபுலி ஆடுவார்கள், சிலர் தறிக்குழியிலேயே தூங்குவார்கள். மறுபடி மணி அடித்ததும் வேலை. புதன்கிழமை ராகு காலம் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்து எங்கள் ஓய்வில் ஒரு மணி நேரத்தை விழுங்கியது. ராகு முதலாளி கட்சி என்று நான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒருநாள் நான் மணியடித்த நொடியில் முருகேசனின் நாடா பாவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எறிந்தது நல்ல நேரம், பிடித்தது ராகு காலம். அந்த இழை எந்தக் கணக்கில் சேரும் என்று கூடம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. கடையிலிருந்து முதலாளியை வரவழைத்தோம். அவர் குனிந்து, நிமிர்ந்து, தறியைச் சுற்றி வந்து, இழையைப் பிரித்துவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். பிரிக்க வேண்டுமென்றால் நூலைத் தொட வேண்டும், தொட்டால் அதுவும் ராகு காலத்தில் தொட்டதாகும் என்று முருகேசன் மறுத்தார். கடைசியில் நாடா பிடித்த இடத்திலேயே கிடந்தது. முருகேசன் அதன் மேல் பல்லி விழாமல் ஒன்றரை மணி நேரம் விசிறியோடு காவல் இருந்தார்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். ஆவணி பிறந்து நாலாம் நாள் என் கடிகாரம் இரண்டு பத்தில் நின்றுவிட்டது. பழுது பார்க்கிறவர் மூடியைத் திறந்து பார்த்து, இதற்கு இனிமேல் சாமான் கிடைக்காது என்று மூடிக் கொடுத்துவிட்டார். கடிகாரம் போனால் என் வேலையும் போகும். ஆகவே நின்ற கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, அவ்வப்போது மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்து, புருவத்தைச் சுருக்கி மணியடித்தேன். ஐயம்பேட்டை பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தால் பத்தரை என்று வைத்துக்கொள்வேன். அந்த பஸ் சில நாள் பதினொன்றரைக்கு வரும், சில நாள் வராது. எனக்குப் பசித்தால் பன்னிரண்டு. வெயில் கண்ணாடி ஓட்டு வழியாகக் கண்ணாயிரத்தின் மொட்டைத் தலையில் விழுந்தால் மூன்று.

மனசாட்சி உறுத்தவில்லையா என்றால், இல்லை. ராகு காலம் என்று ஒன்று கிடையாது. இல்லாத ஒன்றுக்கு நேரம் தவறினால் என்ன? கொள்கைக்கு நான் ஒரு துரோகமும் செய்யவில்லை என்று தினமும் எனக்கே பேசிக்கொண்டேன்.

புரட்டாசியில் மெட்ராஸிலிருந்து ஒரு கார் வந்தது. சூடாமணியம்மாள் என்று ஒரு பெரிய வீட்டு அம்மா. மூன்று பெண்களைப் பெற்றவர். மூத்தவளுக்குக் கார்த்திகையில் கல்யாணம். ராகு காலத்தில் ஓர் இழைகூட ஓடாத பட்டு இங்கே நெய்கிறார்கள் என்று கடையில் யாரோ சொல்லி, நேரில் பார்க்க வந்திருந்தார். அவர் வந்த சமயம் என் மணி அடித்தது, எட்டுத் தறியும் நின்றன. அந்தம்மாவுக்குப் புல்லரித்துவிட்டது. கையிலிருந்த சின்னத் தங்கக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என் வாட்ச் இருபது நிமிஷம் தள்ளிப் போயிருக்கே" என்று சொல்லி, என் மணிக்குச் சரியாக அதைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

அன்றைக்கே முகூர்த்தப் புடவைக்குச் சொல்லிவிட்டுப் போனார். போன இடத்தில் நாலு பேரிடம் சொல்லியிருக்க வேண்டும். பத்து நாளில் கார் மேல் கார். முதலாளி கடையில் 'ராகு காலம், எமகண்டம் தொடாத பட்டு' என்று போர்டு மாட்டினார். விலையைக் கூட்டினார். கூடுதல் விலை கொடுத்து எங்கிருந்தோ நூலும் பிடித்துவிட்டார். நூல்தான் வந்துவிட்டதே, பழையபடி பத்து மணி நேரம் வேலை செய்யலாமே என்று முருகேசன் கேட்டதற்கு, "வேலை செய்யாத மூணு மணி நேரத்துக்குத்தான்பா அவங்க காசு குடுக்கறாங்க" என்றார்.

ஐப்பசியில் சூடாமணியம்மாள் தம் புடவை எவ்வளவு நெய்திருக்கிறது என்று பார்க்க மறுபடியும் வந்தார். தறியைப் பார்த்தார், முந்தியைப் பார்த்தார், முருகேசனின் கையைப் பார்த்தார். பிறகு மூலையில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்த பெரியநாயகியின் நெற்றியைப் பார்த்தார். அதில் பொட்டு இல்லை. அவள் புருஷன் செத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

சூடாமணியம்மாள் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "என் பொண்ணோட புடவைக்கு நூல் சுத்தறது இவங்கதானா?"

முதலாளி கையைப் பிசைந்தார். அன்று சாயங்காலம் பெரியநாயகியைக் கூப்பிட்டார். நாங்கள் எல்லோரும் கேட்கும்படிதான் பேசினார்.

"உன்ன நான் நிறுத்தலம்மா. நிறுத்தவே மாட்டேன். நேரத்த மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கலாம். நல்ல நேரத்துல கிராக்கிங்க வர்றாங்க, அவங்க கண்ணுல பட வேணாம். நீ ராகு காலத்துலயும் எமகண்டத்துலயும் மட்டும் வா. தெனம் மூணு மணி நேரம்."

"அந்த நேரத்துலதான் நூலத் தொடக் கூடாதே மொதலாளி" என்றாள் பெரியநாயகி.

"தொட வேணாம். வந்து உக்காந்துக்கினு போ. உன் எடம் உனுக்கு அப்படியே இருக்கும்."

அவளுக்குச் சம்பளம் கிடையாது. சுற்றிய தாருக்குத்தான் கூலி. சுற்றக் கூடாத நேரத்தில் மட்டும் சுற்ற வரலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பத்துப் பேருக்கும் புரிந்தது. போன வாரம்தான் நான் தெருமுனையில் நின்று, விதவைகளை மூலையில் உட்காரவைக்கும் சமூகத்தைக் கிழி கிழி என்று கிழித்திருந்தேன். இப்போது அறுந்து போகாத இழை ஒன்றை எடுத்து, குனிந்து, மிகவும் கவனமாக முடிச்சுப் போட்டேன். என்னை நினைத்தால் எனக்கே இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பெரியநாயகி சொன்னபடியே வந்தாள். ராகு காலம் தொடங்கி மணி அடித்தால் உள்ளே வருவாள். வெறும் ராட்டைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். நாங்கள் ஆடுபுலி ஆடுவோம். முடிகிற மணி அடித்தால் எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு வெளியே போவாள். நாங்கள் வேலையைத் தொடங்குவோம். தாரெல்லாம் இப்போது முருகேசன் வீட்டில் அவர் மனைவி அலமு சுற்றிக் கொடுத்தாள். பெரியநாயகியை ஒவ்வொரு முறையும் வெளியே அனுப்புகிற மணியை அடித்தவன் நான். அதுவும் நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமைகளில் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை எமகண்டம். சூடாமணியம்மாள் முகூர்த்தப் புடவையை வாங்கிப் போக வந்து, எமகண்டம் முடியட்டும் என்று வாசலில் காருக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்றார். கல்யாணத்துக்கு நாலே நாள். முதலாளி புடவையைத் தட்டில் மடித்து வைத்து, மேலே பூவும் வைத்துக் காத்திருந்தார். பெரியநாயகி வழக்கம்போல மூலையில் உட்கார்ந்திருந்தாள். நான் கம்பியைக் கையில் எடுத்தேன்.

"தர்மா" என்றாள் அவள், சாதாரணமாக. "கிருஷ்ணவேணி இன்னியிலேந்து ஸ்கூலுக்குப் போவல. முசரவாக்கத்துல ஒரு வூட்ல வேலைக்கு வுட்டுட்டு வந்தேன். சாப்பாடு போடறாங்க."

கிருஷ்ணவேணி அவளுடைய ஒரே மகள். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

என் கை மேலே எழும்பவில்லை. இந்த மணியை அடித்தால் இவள் எழுந்து போவாள். நாளைக்கும் அடிப்பேன், நாளை மறுநாளும் அடிப்பேன்.

"இன்னாபா, அடி" என்றார் முதலாளி. "அம்மா வெயில்ல நின்னுக்கினு இருக்காங்க."

"மணி தெரியல மொதலாளி."

"கடியாரத்தப் பாரு."

கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். "இது ஓடல. ஆவணியிலேந்து ஓடல. பஸ் ஹாரன வச்சிதான் அடிச்சிக்கினு இருந்தேன். பசிய வச்சும் அடிச்சிருக்கேன்."

முதலாளி கடிகாரத்தைக் காதில் வைத்தார். ஆட்டிப் பார்த்தார். மறுபடியும் காதில் வைத்தார். பிறகு முருகேசனின் தறிக்குழி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப, வித்த பொடவையெல்லாம்?" என்று கேட்டார்.

"எந்தெந்த நேரத்துல நெய்ஞ்சதுன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்" என்றேன். கடவுளை நான் கூப்பிட்டது அன்றைக்கு ஒருமுறைதான்.

முருகேசன் தம் தறியைப் பார்த்தார். பல்லிக்குக் காவல் இருந்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். என்னை அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குள் பெரியநாயகி பேசினாள்.

"ரெண்டு பத்துல நிக்குது. எனக்கு அப்பவே தெரியும். என் ராட்டைக்குப் பக்கத்துலதான நின்னு கைய கைய தூக்கிப் பாக்கறான்."

நான் அவளைப் பார்த்தேன். "அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா உன் வேலை போயிடும்லபா" என்றாள்.

மூன்று மாதமாக என் வேலையை அவள் மடியில் கட்டிக் காப்பாற்றியிருக்கிறாள். அவள் வேலை போனபோது நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியநாயகி எழுந்து வந்து என் கையிலிருந்த கம்பியை வாங்கிக்கொண்டாள். முதலாளிக்கு எதிரில் நின்றாள்.

"இது வெளிய தெரிஞ்சா நாளைக்கி கடையத் தொறக்க முடியாது மொதலாளி. தெரிய வேணாம். பத்துப் பேரும் வாய மூடிக்கினு இருப்போம். பத்துப் பேரும் இங்கயே இருந்தாத்தான் மூடிக்கினு இருக்க முடியும்."

முதலாளி தலையாட்டினார்.

"இனிமே மணிய நான் அடிக்கறேன். நல்ல நேரம் கெட்ட நேரம் ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். பாரபட்சம் இருக்காது. நாள் பூரா ராட்டையில உக்காந்துக்கினுதான் அடிப்பேன்."

"அம்மா கேட்டா?" என்று வாசலைக் காட்டினார் முதலாளி.

அவள் கம்பியை ஓங்கி அடித்தாள். நான் ஒருநாளும் அவ்வளவு பலமாக அடித்ததில்லை. சூடாமணியம்மாள் குடையை மடக்கிவிட்டு, வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்தார். கம்பியோடு நின்ற பெரியநாயகியைப் பார்த்ததும் நின்றார். முதலாளியின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் பேசாதீங்கம்மா" என்றாள் பெரியநாயகி. "நேரம் பாக்கறவ நான்தான். எமகண்டம் எப்பவோ முடிஞ்சி போச்சி. இப்ப குளிகை நடக்குது. இப்ப சொல்றதெல்லாம் திரும்பத் திரும்ப நடக்கும். நல்ல வார்த்தையா இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

சூடாமணியம்மாளின் வாய் மூடிக்கொண்டது. ஆடி மாதத்தில் முதலாளியின் வாய் மூடியதை நான் பார்த்தவன். அதே மாதிரிதான் மூடியது. தங்கக் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் பன்னிரண்டேகால். திங்கட்கிழமை குளிகை ஒன்றரைக்கு. கடிகாரத்தையும் பெரியநாயகியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திருகைப் பிடித்து முள்ளை ஒன்றரைக்குத் திருப்பி வைத்தார். பிறகு பூ வைத்த தட்டை நோக்கி இரண்டு கையையும் நீட்டினார்.

"அவசரப்படாதீங்கம்மா. குளிகையில முகூர்த்தப் பொடவ வாங்கினா, ஒரே பொண்ணுக்குத் திரும்பத் திரும்ப வாங்க வேண்டியதாயிடும்."

நீட்டிய கையை இழுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று அந்தம்மாவுக்குத் தெரியவில்லை. இழுத்துக்கொண்டால் அதுவும் திரும்பத் திரும்ப நடந்துவிடுமே. நீட்டியபடியே நின்றார். தட்டோடு முதலாளியும் நின்றார்.

பெரியநாயகி மூலைக்குப் போய் உட்கார்ந்தாள். ஒரு மாதமாகச் சும்மா கிடந்த ராட்டையில் தூசி படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். என் தறிக்கு வேண்டிய சிவப்பு நூலை எடுத்து, குழலை மாட்டி, ஒரு தார் சுற்ற ஆரம்பித்தாள். அவசரமே இல்லாமல் சுற்றினாள். நாங்கள் ஒருவரும் அசையவில்லை. ஐயம்பேட்டை பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

தார் முழுசாகச் சுற்றி முடிந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, குழலை என் பக்கம் நீட்டினாள். நான் எழுந்து போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம்தான் அவள் கம்பியை எடுத்து மணியடித்தாள்.

"இப்ப வாங்கிக்கங்கம்மா" என்றாள். "நல்ல நேரம் வந்துடுச்சி."